நால்வருக்கு ஒரு மேசை

கூட்டில் இம்மாதம் என் பெயர் விழுந்தது.
அடகுச் சங்கிலியை மீட்டிருக்கலாம்.
மகனின் மோட்டாருக்கு டயர் மாற்றியிருக்கலாம்.
இரண்டும் செய்யவில்லை.
ஆளுக்கு எழுபத்திரண்டு வெள்ளி என்று
பகாவ் மேட்டுப் பங்களாவில்
நால்வருக்கு மேசை சொல்லிவைத்தேன்.

முன்பு துரைமார் கிளப்.
இப்போது சிரம்பானிலிருந்து வந்த யாரோ
சுவருக்கு வெள்ளையடித்து
வாசலில் தங்க எழுத்து ஒட்டியிருக்கிறார்.
"நம்ம ஆளுங்க இங்க
செருப்பக் கழட்டிட்டு நின்னாங்க"
என்று தொடங்கினாள் ராஜம்பாள்.
தெரியும் தெரியும் என்றோம்.
அதை மேடையில் பேச ஆளிருக்கிறது.
நாங்கள் கேக்குக்கு வந்தோம்.

ராஜம்பாள் கல்யாணச் சேலையில்.
இருபது வருடம் உரம் வீசிய கையில்
ஆறு வளையல்.
தவமணி பள்ளிக் கேன்டீனைப் பூட்டிவிட்டு
எண்ணெய் வாசம் போக
மூன்று முறை சோப்பு போட்டாளாம்.
சியூ லான் ஆணிக்கடைக் கணக்கை
அண்ணனிடம் தள்ளிவிட்டு
உதட்டுச் சாயத்தோடு வந்தாள்,
பல்லிலும் கொஞ்சம்.

கோபுரம் வந்தது.
மூன்று தட்டு.
அடியில் விரல் நீளத்துக்கு ரொட்டி,
உள்ளே வெள்ளரிக்காய், வெளிச்சம் தெரியும் மெல்லிசில்.
"ஓரத்த வெட்டி யாருக்குக் குடுத்தாங்க?"
இது தவமணி, தொழில் அக்கறையோடு.
நடுவில் ஸ்கோன்.
உச்சியில் என் கட்டைவிரல் அளவு எலுமிச்சைக் கேக்.
எங்கே தொடங்குவது என்று தெரியாமல்
எல்லோரும் ஹஃபிஸைப் பார்த்தோம்.
"கீழிருந்து மேலே, ஆன்ட்டி" என்றான் மெதுவாக.
அப்புறம் இன்னும் மெதுவாக,
"சம்பல் வேணுமா?"

வேணும் என்றன நான்கு வாயும்.

நான் இதுவரை குடித்த தேநீரெல்லாம்
நிறுவைக் கொட்டகையில் நின்றபடி குடித்தது.
பிளாஸ்டிக் பையில் கட்டி, ஸ்ட்ரா செருகி,
ஆணியில் தொங்கும்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறினால் எடை,
இறங்கினால் ஓர் உறிஞ்சு.
சாயங்காலம் பையில் ஐஸ் கரைந்த தண்ணீர்தான் மிச்சம்.

இங்கே இலை விரிவதற்கு நேரம் கொடுக்கிறார்கள்.
கேத்தல் பக்கத்தில் சின்ன மணல் கடிகாரம்.
மணல் இறங்கும்வரை
யாரும் ஒன்றும் செய்யக்கூடாது.
எவ்வளவு நல்ல சட்டம்!
மேசைக்கடியில் சியூ லான்
குதிகால் செருப்பைக் கழற்றுவது கேட்டது,
ஒன்று,
பிறகு மற்றொன்று.

நான் ஊற்றினேன்.
"மங்குப் பால வாளியில கவுக்கிற மாதிரி ஊத்தாத"
என்றாள் ராஜம்பாள்.
பாலில்லாமல் ஒரு வாய் குடித்தேன்.
முதலில் ஒன்றுமே இல்லை.
ஏமாந்தேன் என்றே நினைத்தேன்.
அப்புறம் நாக்கின் பின்பக்கம்,
இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டையின் வாசம் போல
ஏதோ வந்து நின்றது.
சொல்லவில்லை. சிரிப்பார்கள்.

ஒரு விதி போட்டோம்:
புருஷன், கடன், சர்க்கரை நோய்,
இதில் எதைப் பேசினாலும்
ஒரு சர்க்கரைக்கட்டி அபராதம்.
பத்து நிமிடத்தில் ராஜம்பாள் முன்னால்
கட்டியே இல்லை.

நான்கு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது.
என் கை தானாகப் பேனாவைத் தேடியது.
தவமணி பாதி எழுந்துவிட்டாள்,
வாயில் ஸ்கோனோடு.
எங்களை நாங்களே பார்த்துச் சிரித்ததில்
பக்கத்து மேசை வெள்ளைச் சட்டைக்காரர்
கைப்பேசியைக் கீழே வைத்தார்.
சங்கு இரண்டாம் முறை ஊதும்போது
நான் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
அவசரமில்லாமல்,
ஓரம் வரைக்கும்.

மழை பிடித்தது.
பிரம்பு நாற்காலிகளை வராந்தாவுக்கு இழுத்தோம்.
கீழே சாலையில் தார்ப்பாய் போட்ட லோரிகள்
வரிசையாக ஆலைக்குப் போயின.
ஒரு லோரியின் எண்ணைப் பார்த்ததும்
அதன் வெற்று எடை என் வாய்வரை வந்தது.
கேக்கோடு விழுங்கினேன்.

"இதே எலையில இன்னொரு தடவ
வெந்நீர் ஊத்தலாமா, இல்ல காசா?"
ராஜம்பாள் கேட்டே விட்டாள்.
காசில்லை என்றான் ஹஃபிஸ்.

கேத்தல் நிரம்பி வந்தது.
சியூ லான், வெறுங்காலோடு,
மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.